படையைத் திரும்ப அழைப்பதா, வேண்டாமா? நவம்பர் விவாதத்துக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

டெல்லி ஆர்.கே. புரம் பக்கம் மாதம் ஒரு ஞாயிறு கூடிப் பேசுகிற சின்னத் தமிழ்க் குழு எங்களுடையது. இந்த மாதத் தலைப்பை அறிவித்த அன்றிலிருந்து வாட்ஸ்அப்பில் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரே பதிலைப் பத்துப் பேருக்குத் தட்டச்சு செய்து அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். பேசப்போகிறவர்கள் முழுதும் படியுங்கள். கேட்க மட்டும் வருகிறவர்கள் வேண்டியதைப் படித்துக்கொள்ளலாம்.

தலைப்பு சரியாக என்ன?

“அந்நிய மண்ணில் நடக்கும் போரின் செலவு எல்லை மீறிப் போனபின், நாடு தன் படையை விலக்கிக்கொள்ள வேண்டும்.” ஆதரித்து மூன்று பேர், மறுத்து மூன்று பேர். ஆளுக்கு ஏழு நிமிடம்.

அந்தப் போருக்குப் போனது சரியா தவறா என்பது தலைப்பு இல்லை. ஒத்திகையில் ஆறு பேரில் நான்கு பேர் அதைப் பேசியே நேரத்தைத் தீர்த்துவிட்டார்கள். போனது தவறாக இருந்தாலும், உடனே கிளம்புவது அதைவிடப் பெரிய தவறாகிவிடலாம். போனது சரியாகவே இருந்தாலும், இன்னும் அங்கே இருப்பதற்கான காரணம் தீர்ந்துபோயிருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்துப் பேசுகிறவருக்கு மதிப்பெண் கூடும்.

பட்டிமன்றம் மாதிரி சிரிக்க வைக்கலாமா?

கொஞ்சம். மாமியார் மருமகள் ஜோக்கைப் போருக்குப் பொருத்தினால் நடுவர் மணி அடித்துவிடுவார்.

எந்தப் போரை எடுத்துப் பேசலாம்?

முடிந்துபோன போராக இருக்கட்டும். முடிவு தெரிந்திருந்தால்தான் அன்று சொன்ன வாதங்களை இன்று உரசிப் பார்க்க முடியும். அல்ஜீரியாவில் பிரான்ஸ் (1954–1962), வியட்நாமில் அமெரிக்கா, ஆப்கானிஸ்தானில் சோவியத் யூனியன் (1979–1989), அதே ஆப்கானிஸ்தானில் அமெரிக்கா (2001–2021) என்று நிறைய இருக்கின்றன. இப்போது நடக்கும் போர்களை இழுக்க வேண்டாம். காலையில் செய்தி மாறினால் மாலையில் உங்கள் வாதம் பழசாகிவிடும்.

இவற்றைவிட நமக்கு நெருக்கமான ஒன்று உண்டு. தமிழில் இந்தத் தலைப்பைப் பேசிவிட்டு அதைத் தொடாமல் போக முடியாது.

இந்தியா அப்படி ஒரு போரில் இருந்ததா?

மயூர் விஹாரிலிருந்து வரும் பதினொன்றாம் வகுப்புப் பையன் கேட்டது இது. கார்கில், 1971 எல்லாம் அவனுக்குத் தெரிகிறது. இலங்கைக்கு இந்தியா அனுப்பிய அமைதிப்படை என்ற சொல்லையே கேட்டதில்லை என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. அதைப் பற்றி டெல்லியில் யாரும் அதிகம் பேசுவதில்லை.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜே.ஆர். ஜெயவர்தனாவும், அங்கே அரசுக்கும் தமிழ் இயக்கங்களுக்கும் நடந்த சண்டையை நிறுத்த, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாள் அணிவகுப்பு மரியாதையின்போது ஒரு சிங்களக் கடற்படை வீரர் துப்பாக்கிக் கட்டையால் ராஜீவைத் தாக்கினார். அந்த நாட்களிலேயே இந்தியப் படை யாழ்ப்பாணத்தில் இறங்கத் தொடங்கியிருந்தது. சண்டை போடப் போன படை இல்லை அது. 48 மணி நேரத்தில் சண்டை நிற்கும், அதன்பின் 72 மணி நேரத்தில் இயக்கங்கள் ஆயுதங்களை ஒப்படைக்கும், நம் ஆட்கள் மேற்பார்வை பார்ப்பார்கள். காகிதத்தில் எழுதியிருந்தது இதுதான். யாழ்ப்பாணத்து மக்கள் முதலில் மாலை போட்டு வரவேற்றார்கள்.

செப்டம்பர் 26 அன்று விடுதலைப் புலிகள் இயக்கத்தின் திலீபன் உண்ணாவிரதத்தில் இறந்தார். அக்டோபரில் புலிகளுக்கும் இந்தியப் படைக்கும் நேரடிப் போர் மூண்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் இறக்கிவிடப்பட்ட சீக்கியக் காலாட்படைப் பிரிவு ஒன்று, ஒரே ஒருவர் தவிர, முழுதும் அழிந்தது. சில நாட்களில் முடியும் என்று நினைத்த வேலை 32 மாதம் இழுத்தது. உச்சத்தில் 70,000-க்கும் மேற்பட்ட வீரர்கள் அங்கே இருந்தார்கள். சுமார் 1,200 பேர் திரும்பவில்லை.

1989-இல் அதிபரான பிரேமதாசா, ஜூலை இறுதிக்குள் கிளம்புங்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். யாருக்கு உதவப் போனோமோ அந்த அரசே, நாம் சண்டை போட்ட புலிகளோடு பேச்சு நடத்திக்கொண்டு, நம்மை வெளியே போகச் சொன்னது. டெல்லியில் டிசம்பரில் ஆட்சி மாறி வி.பி. சிங் வந்தார். 1990 மார்ச் 24 அன்று கடைசி அணி திருகோணமலையிலிருந்து கப்பல் ஏறியது.

புலிவாலைப் பிடித்த கதை என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இயக்கத்தின் பெயரை வைத்துச் சிலேடை செய்ய வேண்டாம். ஏற்கெனவே மூன்று பேர் செய்துவிட்டார்கள்.

செலவு என்று எதைக் கணக்கிடுவது? பணமா?

பணம் அதில் ஒரு பகுதி, அதையும் முழுதாகக் கணக்கிட ஆள் இல்லை. அமெரிக்காவின் ஆப்கன் போருக்கு பிரவுன் பல்கலைக்கழக ஆய்வுக் குழு போட்ட கணக்கு சுமார் 2.3 லட்சம் கோடி டாலர். போருக்காக வாங்கிய கடனுக்கு இனிமேல் கட்டப்போகிற வட்டி அதில் சேரவில்லை. காயம்பட்டு வந்த வீரர்களுக்கு ஆயுள் முழுக்க ஆகப்போகிற மருத்துவச் செலவும் சேரவில்லை. படை திரும்பிய பிறகும் பில் வந்துகொண்டிருக்கும். மறுக்கும் அணி இதைத் தனக்குச் சாதகமாகவும் திருப்பலாம்: “விலகினால் மிச்சம் என்கிறீர்களே, மிச்சம் எங்கே?”

உயிர்க்கணக்கில்தான் சிக்கல் அதிகம். நம் வீரர்கள் சுமார் 1,200 பேர் என்று எல்லாரும் சொல்வோம். 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படை நுழைந்ததில் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளுமாக அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்களே, அது யார் கணக்கில் வரும்? “செலவு மிகுந்த போர்” என்னும்போது நம் செலவை மட்டும் எண்ணுவது எல்லா நாட்டுக்கும் வழக்கம். வியட்நாம் என்றால் அமெரிக்கர்கள் 58,000 என்பார்கள். வியட்நாமியர் இறந்தது லட்சக்கணக்கில். இரண்டு அணியில் எது இந்த இரண்டாவது கணக்கையும் எடுத்து வைக்கிறதோ, அது என் கண்ணில் ஒரு படி மேலே.

இவ்வளவு பேர் செத்த பிறகு விட்டுவிட்டு வந்தால், செத்தவர்களுக்குத் துரோகம் இல்லையா?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் போன் போட்டே கேட்டார், குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

“தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன” என்பார்கள். ஒரு மனுஷன் நொந்துபோய்ச் சொல்வதற்கு அது சரி. ஒரு அரசாங்கம் அதை நம்பினால் ஆபத்து. ஏனென்றால் முழத்துக்கும் சாணுக்கும் இடையில் இருப்பது ஆட்கள். நேற்று செத்தவர்களை எந்த முடிவும் திருப்பிக் கொண்டுவராது. இன்னும் ஒரு வருஷம் இருந்தால் போகிற உயிருக்கு என்ன கிடைக்கும் என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் இருந்தால் இருக்கலாம். “ஏற்கெனவே இத்தனை பேர் போய்விட்டார்கள்” என்பது அந்தக் கேள்விக்குப் பதிலே ஆகாது.

வியட்நாமைப் பாருங்கள். போரை முடிப்பேன் என்று சொல்லி 1969 ஜனவரியில் நிக்சன் பதவிக்கு வந்தார். பாரிஸ் ஒப்பந்தம் 1973 ஜனவரியில் ஆயிற்று. கௌரவமாக வெளியேற வேண்டும் என்று இழுத்த அந்த நான்கு வருடத்தில் மட்டும் 20,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் விழுந்தது. 1971-இல் செனட் குழு முன்னால் சாட்சி சொன்ன முன்னாள் கடற்படை அதிகாரி ஜான் கெர்ரி கேட்டது இது: ஒரு தவறுக்காகச் சாகும் கடைசி ஆளாக இரு என்று ஒருவனிடம் எப்படிக் கேட்பது?

சுபேதாருக்கு நான் சொன்னது வேறு. உங்கள் தோழர்கள் செய்தது வீண் என்று அந்த மேடையில் யாரும் சொல்லப்போவதில்லை, சொன்னால் நானே நிறுத்துகிறேன் என்றேன். அனுப்பியவர்களின் முடிவைத் திட்டுவதும் போனவர்களைத் திட்டுவதும் ஒன்று இல்லை. பேச்சாளர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு வாருங்கள், ஏனென்றால் அவர் முன்வரிசையில்தான் உட்காரப்போகிறார்.

அப்படியானால் மறுக்கும் அணிக்குப் பேச என்ன இருக்கிறது? தோற்கும் பக்கம் கொடுத்துவிட்டீர்களே!

இல்லவே இல்லை. என்னைக் கேட்டால் அந்தப் பக்கம்தான் கனமானது. நம்மை நம்பி நம் பக்கம் நின்ற உள்ளூர்க்காரர்களை என்ன செய்வது?

அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படையோடு சேர்ந்து சண்டையிட்ட அல்ஜீரியர்களை ஹார்க்கிகள் என்பார்கள். 1962 மார்ச்சில் போரை நிறுத்திய எவியான் ஒப்பந்தம் ஆனது. அவர்களில் பெரும்பாலோரை பிரான்ஸ் அழைத்துச் செல்லவில்லை. ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். பிரெஞ்சு அதிபர் மக்ரோன் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டது 2021-இல், 59 வருடம் கழித்து. அதே 2021 ஆகஸ்டில் காபூல் விமான நிலையச் சுவரோரம் கழிவுநீர்க் கால்வாயில் நின்றுகொண்டு காகிதங்களை உயர்த்திக் காட்டிய மனிதர்களைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்.

நம் கதையும் இதேதான். இலங்கையின் வடகிழக்கு மாகாண சபையின் முதல்வராக வரதராஜப் பெருமாளை உட்கார வைத்து, ‘தமிழ் தேசிய இராணுவம்’ என்று ஒன்றை இந்தியா உருவாக்க உதவியது. அதில் கட்டாயமாகப் பிடித்துச் சேர்க்கப்பட்ட பையன்கள் நிறைய. நம் படை ஊர் ஊராகக் காலி செய்துகொண்டு வர, பின்னாலேயே புலிகள் அந்த முகாம்களைத் தாக்கினார்கள். பலர் கொல்லப்பட்டார்கள். பெருமாள் இந்தியாவுக்குத் தப்பி வந்தார். பிடித்துச் சேர்க்கப்பட்ட பையன்களுக்கு அந்த வழி இல்லை. விலக வேண்டும் என்று பேசுகிற மூன்று பேரும் இந்தப் பையன்களுக்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டும். “போர் என்றால் அப்படித்தான்” என்பது பதில் இல்லை.

இரண்டாவது, காலியான இடம் சும்மா இருக்காது. நம் படை கிளம்பிய மூன்றாம் மாதமே, 1990 ஜூனில், புலிகளுக்கும் இலங்கை அரசுக்கும் மறுபடி போர். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் படுகொலை. ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை: விலகியதால்தான் அது நடந்தது என்று வரிசையாக அடுக்கி நிரூபித்துவிட முடியாது. போனதால்தான் நடந்தது என்றும் அதே மூச்சில் வாதிடலாம். யார் இதைத் தொட்டாலும் எதிரணி அங்கேதான் பிடிக்கும்.

ஆதரிக்கும் அணிக்கும் ஒரு குறிப்பு தருகிறேன், இல்லாவிட்டால் பாரபட்சம் என்பார்கள். படை விலக்கம் வேறு, கைகழுவுதல் வேறு. சோவியத் படை 1989 பிப்ரவரி 15 அன்று ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேறியபோது, அது ஆதரித்த நஜிபுல்லா ஆட்சி சில மாதத்தில் விழும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். பணமும் ஆயுதமும் எரிபொருளும் வந்துகொண்டிருந்த வரை அது நின்றது. சோவியத் யூனியனே கலைந்து உதவி நின்றபின் 1992 ஏப்ரலில்தான் விழுந்தது. 2021-இல் காபூல் அரசு, கடைசி அமெரிக்க வீரர் விமானம் ஏறும் முன்பே, ஆகஸ்ட் 15 அன்று சரிந்துவிட்டது. ஏன் இந்த வித்தியாசம்? ஏழு நிமிடத்தில் நான்கு நிமிடத்தை இதற்கே கொடுக்கலாம்.

தேதி சொல்லிவிட்டு விலகுவதா, சொல்லாமலா?

தேதி சொன்னால் எதிரி அதுவரை காத்திருப்பான். தாலிபான்களோடு செய்த 2020 பிப்ரவரி 29 தோஹா ஒப்பந்தத்தில் 14 மாதக் கெடுவை அமெரிக்கா எழுதிக் கொடுத்தது. காபூல் அரசு அதில் ஒரு தரப்பாகக்கூட இல்லை. தாலிபான்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேதி சொல்லாவிட்டாலோ, “அடுத்த வருஷம்” என்பது ரயில்வே காத்திருப்போர் பட்டியல் மாதிரி நகரவே நகராது. இதில் நானே ஒரு முடிவுக்கு வரவில்லை. நன்றாகப் பேசுகிறவர் என்னை எந்தப் பக்கமும் இழுத்துக்கொள்ளலாம்.

நாட்டின் மானம் என்ன ஆவது?

இது மேடையில் கைதட்டல் வாங்கும், அதைத் தாண்டி நிற்காது. அல்ஜீரியாவை விட்ட பிரான்ஸ் சுருங்கிப்போகவில்லை. வியட்நாமில் தோற்ற அமெரிக்கா 16 வருடம் கழித்துப் பனிப்போரில் ஜெயித்து நின்றது. அவ்வளவு போதும்.

படை அனுப்பவும் திரும்ப அழைக்கவும் நாடாளுமன்ற ஓட்டு வேண்டுமா?

அமெரிக்காவில் 1973-இல் வந்த போர் அதிகாரச் சட்டம் அதிபருக்கு 60 நாள் வரம்பு வைக்கிறது. அதை அதிபர்கள் எவ்வளவு மதித்தார்கள் என்பது தனிக் கதை. நம் அரசமைப்பில் ‘போரும் அமைதியும்’ ஒன்றியப் பட்டியலில் 15-ஆவது இனம். படை அனுப்பும் முன் அவையில் ஓட்டெடுப்பு நடத்தியாக வேண்டும் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. அமைச்சரவை முடிவு செய்தால் போதும். அவைக்கு மிச்சம் இருப்பது நிதி மானியம், நம்பிக்கையில்லாத் தீர்மானம், கேள்வி நேரம். “மக்கள் முடிவு செய்யட்டும்” என்று பேசப்போகிறவர்கள், எந்த வழியில் என்றும் சொல்லுங்கள். பிரான்சில் அதிபர் டி கால் 1961 ஜனவரியில் அல்ஜீரிய சுயநிர்ணயத்தை நேரடியாக மக்கள் வாக்கெடுப்புக்கே விட்டார், முக்கால்வாசிப் பேர் ஆம் என்றார்கள்.

டெல்லிக்காரர்களுக்குப் பிடிக்கும் ஒரு சம்பவமும் உண்டு. 2003 ஏப்ரலில் இராக் போரைப் பற்றி மக்களவையில் தீர்மானம் போட வேண்டியிருந்தது. எந்தச் சொல்லைப் போடுவது என்பதில் இழுபறி. கடைசியில் இந்தியில் ‘நிந்தா’ என்றும், ஆங்கிலத்தில் அதைவிட மென்மையான ‘டிப்ளோர்’ என்றும் வைத்து இரண்டு தரப்பையும் சமாதானம் செய்தார்கள். தமிழில் மொழிபெயர்த்திருந்தால் கண்டனமா, வருத்தமா? அதே வருடம் ஜூலையில், இராக்குக்குப் படை அனுப்பும்படி அமெரிக்கா கேட்டதை, ஐ.நா. ஆணை இல்லை என்று சொல்லி வாஜ்பாய் அரசு மறுத்துவிட்டது. அமைதிப்படை திரும்பி அப்போது 13 வருடம்தான் ஆகியிருந்தது. அந்த நினைவுக்கும் இதில் பங்கு இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள், மேடையில் ஆதாரமாகச் சொல்லிவிடாதீர்கள்.

கட்சி அரசியல் பேசலாமா? கலைஞர் வரவேற்கப் போகாததைச் சொல்லலாமா?

நடந்ததைச் சொல்லலாம். 1990 மார்ச்சில் படை சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது, தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்று முதல்வர் கருணாநிதி அந்த நிகழ்ச்சிக்குப் போகவில்லை. இன்றும் சிலருக்கு அது நெஞ்சுரம், சிலருக்கு அவமரியாதை. எது என்று தீர்ப்புச் சொல்வது நம் தலைப்பு இல்லை. ஒரு நாடு தன் போரிலிருந்து திரும்பும்போது உள்நாட்டிலேயே ஒருமித்த மனசு இல்லை என்பதற்குச் சான்றாக மட்டும் சொல்லுங்கள். தேர்தல் சின்னம் வரை போனால் மணி.

இலங்கைத் தமிழர்கள் அவையில் இருப்பார்களா?

இருப்பார்கள். இரண்டு குடும்பம் எப்போதும் வருகிறது. அந்தப் போரை அவர்கள் வீட்டு வாசலில் பார்த்தவர்கள். “அங்கே என்ன நடந்தது தெரியுமா” என்று அவர்களுக்கே பாடம் நடத்த வேண்டாம். வெளியுறவு அமைச்சகம் இருந்த சவுத் பிளாக்கில் அந்தக் காலத்தில் ஃபைல் தூக்கிய மாமாக்கள் சிலரும் வருவார்கள். அவர்களுக்கு எல்லாம் தெரியும், ஆனால் எதையும் சொல்ல மாட்டார்கள்.

எனக்குத் தமிழ் சரளமாக வராது. இந்தி கலந்து பேசலாமா?

தாராளமாக. பேச்சுத் தமிழே போதும். போர்நிறுத்தம், படை விலக்கம், ஒப்பந்தம், பொதுமக்கள் என்று நான்கு சொல் தெரிந்தால் சமாளித்துவிடலாம். போன முறை ஒரு பெண் “ஃபௌஜ் திரும்பி வரணும்” என்றே தொடங்கி முதல் பரிசு வாங்கினாள்.

வெற்றி எப்படி முடிவாகும்?

தொடங்கும் முன் ஒரு கை தூக்கல், முடிந்தபின் ஒரு கை தூக்கல். எந்தப் பக்கம் அதிகம் பேர் நகர்ந்தார்களோ அது ஜெயித்தது.

நீங்கள் எந்தப் பக்கம்?

விலக வேண்டும். அமைதிப்படை விஷயத்தில், பிரேமதாசா சொல்லும் வரை காத்திருந்திருக்கவே கூடாது என்று நினைக்கிறேன். கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட அந்தப் பையன்களைப் பற்றி யாராவது நன்றாகப் பேசினால், முடிவில் என் கை அதே பக்கத்துக்கு உயருமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

தயாராக வேறு என்ன செய்யலாம்?

இந்தியா கேட் பக்கம் தேசியப் போர் நினைவிடத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள், 2019 பிப்ரவரியில் திறந்தது, கட்டணம் கிடையாது. பரம் வீர் சக்ரா பெற்றவர்களின் மார்பளவுச் சிலைகள் 21 இருக்கின்றன. மேஜர் ராமசாமி பரமேஸ்வரனைத் தேடுங்கள். 1946-இல் மும்பையில் பிறந்த தமிழர், மஹார் படைப்பிரிவு, 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் இறந்தார். அமைதிப்படைக்குக் கிடைத்த ஒரே பரம் வீர் சக்ரா அவருடையது. வட்டச் சுவர்களில் கல் கல்லாகப் பெயர்கள் பொறித்திருப்பார்கள். இலங்கையில் இறந்தவர்களைக் கண்டுபிடிக்க நேரம் ஆகும். புகைமூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து, மூக்குக்கண்ணாடி எடுத்துக்கொண்டு போங்கள். எழுத்து சின்னது.